ஸ்தனிஸ்லாஸ் சார் போட்ட நட்சத்திரம்

ராஜமேரியைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னவர்கள் எல்லோரும் அவள் உழைப்பில் பேர் வாங்கியவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை வருஷம் ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

அது 1988. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், சைக்கிள் கடை மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ். முதலாளி ஸ்தனிஸ்லாஸ் சார், பெங்களூரில் படித்துவிட்டு வந்தவர். கவுண்டரில் விண்ணப்பம் வாங்கி டைப் அடிப்பது செல்லம்மாளாகிய நான். புரோகிராம் எழுதுவது ராஜமேரி. அதியமான்கோட்டையில் நிலக்கடலை பயிரிடுகிற சவரியின் மகள், சேலத்தில் டிப்ளமா முடித்தவள்.

அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தப் புரோகிராமையும் சின்னச் சின்னத் துண்டாகப் பிரிப்பாள். ஒரு துண்டை எழுதுவதற்கு முன்னாலேயே அதைச் சோதிக்க ஒரு குட்டிப் புரோகிராம் எழுதிவிடுவாள். இதைக் கொடுத்தால் இந்த விடை வர வேண்டும் என்று அதில் இருக்கும். முதலில் ஓட்டினால் ஃபெயில் என்றுதான் வரும், துண்டையே இன்னும் எழுதவில்லையே. அப்புறம் அது பாஸ் ஆகும்வரை உட்கார்ந்து எழுதுவாள். பாஸான சோதனையையும் தூக்கிப் போட மாட்டாள். எங்கே ஒரு வரி மாற்றினாலும் பழைய சோதனைகள் அத்தனையையும் மறுபடி ஓட்டிப் பார்ப்பாள்.

"அடுப்பே பத்த வெக்கல, அதுக்குள்ள உப்பு பாக்கறா" என்று சார் எல்லோர் முன்னாலும் கேலி செய்வார். அவள் சிரித்துக்கொள்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அவள் எழுதிக் கொடுத்தது எதுவும் திரும்பி வந்ததில்லை. அது மட்டும் அவர் கண்ணில் படாது.

அந்த வருஷம் ஒரு தனியார் நர்சிங் பள்ளி எங்களுக்கு வேலை கொடுத்தது. வந்த விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நேர்காணலுக்குக் கூப்பிட வேண்டியவர்களைப் பிரித்துத் தர வேண்டும். தபாலில் தொலைந்துவிடுமோ என்று பயந்து ஒரே பெண் இரண்டு விண்ணப்பம் போடுவது உண்டு. அந்த இரட்டையை நீக்கும் துண்டை மட்டும் சாரே எழுதினார். பேர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஒன்றாக இருந்தால் ஒன்றை அடித்துவிடும்.

ராஜமேரி அதற்கும் ஒரு சோதனை எழுதினாள். அவள் எழுதியதில் அது ஏழாவது. இரண்டு ராயம்மாள், ஒரே இனிஷியல், ஒரே தேதி, ஊர் மட்டும் வேறு. வர வேண்டிய விடை இருவர். ஓட்டினால் ஒருத்திதான் வந்தாள்.

"ஒரே பேரு, ஒரே தேதி, ரெண்டு பேரு எங்கம்மா பொறக்கறாங்க? நீயா எதையாவது கற்பனை பண்ணாத" என்றார் சார்.

"எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு ஜூன் ஒண்ணுதாங்க சார் பொறந்தநாளு. எனக்கும் அதேதாங்க."

உண்மைதான். எங்கள் ஊர்களில் பிள்ளை பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? பள்ளியில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் கையைத் தலைக்கு மேல் வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்வார். தொட்டுவிட்டால் ஐந்து வயசு, ஜூன் ஒண்ணு. கான்வென்ட்டில் படித்த சாருக்கு இது தெரியாமல் இருந்தது தப்பில்லை. சொன்ன பிறகும் காதில் வாங்காததுதான் தப்பு. ஊரையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று அவள் சொன்னதற்கு, "மெஷின் ஸ்லோவாயிடும்" என்று பேச்சை முடித்துவிட்டார்.

விண்ணப்பம் வாங்கும் கடைசி நாளில் இண்டூரிலிருந்து நஞ்சம்மாள் என்கிற அம்மா மகளோடு வந்தாள். மகள் பேர் எம். காவேரி, ஜூன் ஒண்ணு. "இந்த வருசம் எடம் கெடைக்கலன்னா ஐப்பசியில கட்டிக் குடுத்துருவேன்னு இவங்கப்பன் ஒத்தக் கால்ல நிக்கறாரு கண்ணு. எப்படியாச்சும் பாத்துக்கங்க" என்றாள். டைப் அடிக்கும்போதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம் பாப்பாரப்பட்டியிலிருந்து வந்தவளும் எம். காவேரி, ஜூன் ஒண்ணு. நான் எடுத்துக் காட்டியதும் ராஜமேரி இரண்டு விண்ணப்பத்தையும் கொண்டுபோய் சார் மேஜையில் வைத்தாள்.

"கற்பனைன்னீங்களே சார், இதோ."

"நான் பாத்துக்கறேன், போம்மா."

அவர் பார்த்துக்கொண்ட லட்சணம் மறுநாள் தெரிந்தது. ஒரு வரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி போட்டால் மெஷின் அதைப் படிக்காமல் தாண்டிவிடும். ராஜமேரியின் ஏழாவது சோதனைக்கு முன்னால் நட்சத்திரம் போட்டிருந்தார். தன் தப்பைத் திருத்தவில்லை, சோதனையின் வாயைக் கட்டிவிட்டார். எல்லாச் சோதனையும் பாஸ் என்று அச்சடித்த தாளோடு பட்டியல் பள்ளிக்குப் போயே போய்விட்டது. தெர்மாமீட்டர் காய்ச்சல் காட்டுகிறது என்று அதை ஒளித்து வைத்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்குமா? மனுஷன் படித்த படிப்பு இதுதானா?

நேர்காணலுக்கு முதல் நாள், கடிதம் வரவில்லை என்று நஞ்சம்மாள் மகளோடு மறுபடி மாடியேறி வந்தாள்.

"காவேரிங்கற பேர்ல ஒருத்திதாம்மா இருக்கா. அது பாப்பாரப்பட்டிப் பொண்ணு. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது" என்றார் சார்.

"எம் பொண்ணு இங்கதானே நிக்கறா சாமி" என்றாள் நஞ்சம்மாள்.

அவர் தலை நிமிராமல், "அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார். ராஜமேரி எழுந்துவிட்டாள்.

"அப்படியே ஐப்பசியில கல்யாணத்துக்கு வந்து மொய்யும் எழுதிட்டுப் போங்க சார்."

"இப்ப வெளிய போனா திரும்பி வராத."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். நேராகப் பள்ளிக்குப் போகவில்லை. பாப்பாரப்பட்டிக்குப் போனாள்.

மறுநாள் நடந்ததை நஞ்சம்மாள்தான் எனக்குச் சொன்னாள். பள்ளியை நடத்தும் சிஸ்டர், "எம். காவேரி" என்று கூப்பிட்டிருக்கிறார். இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"இதுல யாரு காவேரி?"

"நான்தாங்க சிஸ்டர்" என்று இருவரும் சொன்னார்கள்.

"ரெண்டு பேருமேதாங்க. எங்க மெஷின்தான் ஒருத்தின்னு சொல்லுது" என்றாள் ராஜமேரி.

சிஸ்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இன்னொரு நாற்காலி போடச் சொன்னார். இருவருக்கும் இடம் கிடைத்தது. ராஜமேரிக்கு வேலை போனது. சார் பள்ளிக்குப் போய், டைப் அடிக்கிற பெண் பண்ணின கோளாறு என்று கூசாமல் என் தலையில் போட்டுவிட்டு வந்தார்.

அன்று சாயங்காலம் அவர் கிளம்பிய பிறகு நான் அந்த நட்சத்திரத்தை அழித்தேன். எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. ஒரு எழுத்தை அழிக்கத் தெரியும்.

அடுத்த மாதம் வேறொரு பள்ளிக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களை மெஷினைச் சுற்றி உட்கார வைத்துச் சார் சோதனைகளை ஓட்டிக் காட்டினார், எல்லாம் தன்னுடைய ஏற்பாடு என்றும் சொல்லிக்கொண்டார். வரிசையாகப் பாஸ், பாஸ் என்று வந்தது. ஏழாவதில் ஃபெயில் என்று நின்றது. வந்தவர்களில் ஒருவர், "இது என்னங்க?" என்று கேட்டார். சார் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

நான் அடுத்த விண்ணப்பத்தை எடுத்து, பிறந்த தேதி ஜூன் ஒண்ணு என்று டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.