பார்க்காத படத்துக்கு அழுதவர்

செவெரினோ நிறையப் படிக்கிறவர் என்று பிலிப்பைன்ஸின் இலோயிலோ ஊரே நம்பியது. நம்பாதவள் அவர் மனைவி பெர்லா ஒருத்திதான். சுங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர், உள்ளூர் வாரப் பத்திரிகையில் பத்தொன்பது வருடமாக ஒரு பத்தி எழுதி வந்தார். அதில் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கிறிஸ்துமஸ் பத்திதான். விடுமுறையில் படித்த புத்தகம், பார்த்த படம், பேப்பரில் கண்ட செய்தி என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் அரட்டை அடிப்பதுபோல எழுதுவார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்த இதழ் டிசம்பர் இருபத்தேழாம் தேதி கடைக்கு வரும். ஆனால் இருபத்து மூன்றாம் தேதியே அச்சாகிவிடும், அதற்குப் பிறகு அச்சகத்தில் ஈ காக்கை இருக்காது. கிறிஸ்துமஸ் படங்களோ இருபத்தைந்தாம் தேதிதான் திரைக்கு வரும். ஆகவே மனிதர் விடுமுறையில் பார்த்ததையெல்லாம் விடுமுறைக்கு முன்பே எழுதிவிடுவார். புத்தகத்துக்குப் பின்னட்டை போதும், படத்துக்கு இரண்டு நிமிட முன்னோட்டம் போதும். பேப்பரை மட்டும் ஒழுங்காகப் படிப்பார், அதுவும் கிறிஸ்துமஸ் விருந்துக்கான பன்றித்தொடை ஹாம் விலை போட்டிருக்கும் பக்கம் வரைக்கும்.

இந்த வருடம் அவர் மகள், ஜோனலின் என்று பெயர், கதை எழுதிய முதல் படம் வந்தது. மணிலாவில் இருக்கும் அவள், பெற்றோர் வீட்டுப் பக்கம் வந்து நாலு வருடமாகிறது. நவம்பரில் ஒருநாள் கூப்பிட்டாள்.

"பா, என் படம் கிறிஸ்துமஸுக்கு வருது. பாருங்க. நான் இருபத்தேழாம் தேதி வீட்டுக்கு வரேன்."

கதை என்ன என்று அவளும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. முன்னோட்டத்தில் ஒரு அப்பா மழையில் தலைதெறிக்க ஓடினார், ஒரு சிறுமி பட்டமளிப்பு உடையில் காத்து நின்றாள். செவெரினோவுக்கு அது போதாதா? 'கடைசியில் அந்த அப்பா மழையில் நனைந்து ஓடிவந்து மகளைக் கட்டிக்கொள்ளும்போது தியேட்டரில் நான் வாய்விட்டு அழுதேன். என் மகள் என்பதற்காகச் சொல்லவில்லை, அப்பாக்களின் மனசு தெரிந்த பெண் எழுதிய படம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

இருபத்தைந்தாம் தேதி பூசை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, இருவரும் பகல் காட்சிக்குப் போனார்கள். படத்தில் அப்பா ஒரு வானொலி அறிவிப்பாளர். மகளின் பட்டமளிப்பு அன்று அவர் மழையில் ஓடினார், பள்ளிக்கு அல்ல, வானொலி நிலையத்துக்கு. மேடையில் மகள் எவ்வளவு அழகாக நின்றாள் என்று மைக்கில் உருகி உருகிப் பேசினார். அவள் பள்ளி வாசலில் நின்று அதை யாருடைய வானொலியிலோ கேட்டாள். படம் அதோடு முடிந்தது.

விளக்குப் போட்டதும் பெர்லா திரும்பினாள்.

"அவ ஆறாவது படிக்கும்போது நாடகத்துல தேவதையா நடிச்சாளே, ஞாபகம் இருக்கா? நீ போகல. ஆனா அந்த வாரம் பத்தியில என்னமா எழுதின! ஊரே மூக்கைச் சிந்துச்சு."

செவெரினோவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் மகள் ஒரு படமே எழுதிச் சொல்லியும், அவர் அதே காரியத்தை மறுபடி செய்து அச்சுக்கே கொடுத்திருக்கிறார். தியேட்டர் வாசலிலேயே நின்று பத்திரிகை ஆசிரியருக்குப் போன் போட்டார்.

"அண்ணே, அச்சடிச்சுக் கட்டுக் கட்டி வச்சாச்சு. ஆளுங்க எல்லாம் ஊருக்குப் போயிட்டாங்க," என்றார் ஆசிரியர், வாயில் எதையோ மென்றபடி. "அட விடுங்க. படம் பாத்துட்டு எவன் எழுதுறான்?"

மறுநாள் வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி படித்த துப்பறியும் கதையை எடுத்தார், கொலைகாரன் யாராயிருந்தால் என்ன என்று வைத்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பிப் போனவர் சாயங்காலம்தான் திரும்பினார்.

இருபத்தேழாம் தேதி காலையில் தெருமுனைக் கடையில் இருந்த எட்டுப் பிரதிகளையும் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஊரில் அந்தப் பத்திரிகை விற்கும் கடை எத்தனை என்று எண்ணிப் பார்க்கிற நிதானம் அவருக்கு இல்லை. வீட்டுக்குள் நுழைந்தால், சாப்பாட்டு மேசையில் ஜோனலின். விமான நிலையத்தில் வாங்கிய ஒன்பதாவது பிரதி அவள் முன்னால் விரிந்து கிடந்தது.

"படத்தப் பாத்துட்டா எழுதுனீங்க?"

பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பத்தொன்பது வருடப் பழக்கமாயிற்றே. உண்மையைச் சொன்னால் இவள் இனி வரவே மாட்டாள் என்று பயந்தார். சொல்லாவிட்டாலும் அதே பயம்தான்.

"இல்லம்மா."

"தெரியும். இருபத்து மூணாம் தேதி அச்சுக்குப் போற பேப்பர்தானே." அவள் குரல் உயரவில்லை, அதுதான் அவருக்கு இன்னும் பயமாக இருந்தது. "அப்புறமாவது பாத்தீங்களா?"

"பாத்தேன். மூணு தடவை. முந்தாநாள் அம்மாகூட, நேத்து தனியா ரெண்டு காட்சி."

"மூணு தடவையா? அப்படி என்ன இருக்கு அதுல?"

செவெரினோ கக்கத்தில் இருந்த பேப்பர்களைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

"ஒவ்வொரு தடவையும், இந்தத் தடவையாவது அந்த ஆள் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்புவானான்னு பாத்தேன்," என்றார். "பாவி, திரும்பவே இல்லம்மா."