மீன்கார அக்காவின் கால் நம்பர்

கால் அளக்கும் மரப்பலகை ஒன்று என்னிடம் இருக்கிறது. குதிகாலை ஒரு முனையில் ஒட்டி வைத்து, கட்டையைப் பெருவிரல் வரை நகர்த்தினால் செருப்பின் நம்பர் தெரிந்துவிடும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில், தாம்பரம் மார்க்கெட்டில் செருப்புக் கடையில் நான் வேலை பார்த்தபோது பழகிய பலகை அது. பக்கத்துச் சந்தில் மீன் விற்ற அக்கா, பொங்கலுக்குப் பொங்கல் வந்து அதில் கால் வைப்பார். முதலில் ஐந்து. இரண்டு வருடம் கழித்து ஆறு, பிறகு ஏழு. "ஐஸ் தண்ணியிலயே நின்னுகினு கீறேன்ல, கால் வீங்கிப்போச்சு" என்பார். நானும் வீக்கம்தான் என்று நம்பிவிட்டேன். நாற்பது வயதில் கால் வளருமா என்று கேட்கத் தோன்றவே இல்லை.

அடுத்த பொங்கலுக்கு, வீட்டுக்காரருக்கு என்று சொல்லி ஆண்கள் செருப்பில் எட்டு வாங்கிப் போனார். மறுவாரம் மீன் வாங்கப் போனால், அது அவர் காலிலேயே கிடக்கிறது. "அண்ணன் செருப்பைப் பிடுங்கிட்டீங்களாக்கா?" என்று கேலி செய்தேன். அக்கா சிரிக்கவில்லை. "லேடீஸ்ல எனக்கு சைஸ் இல்லம்மா. மோதரத்தக்கூட அறுத்துதான் எடுத்தாங்க. தலவலி வேற பேஜாரா கீது. பக்கத்துல வண்டி வந்தாக்கூடத் தெரியல" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. மறுநாளே லீவு போட்டுவிட்டு அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

தலைவலிக்கு மாத்திரை எழுதப் போன டாக்டரிடம், "நாலஞ்சு வருஷத்துல மூணு நம்பர் ஏறியிருக்கு சார்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு அக்காவின் கைகளைப் பார்த்தார். பழைய போட்டோ கேட்டார். பையில் ரேஷன் கார்டுதான் இருந்தது. அதிலிருந்த முகத்துக்கு இவ்வளவு அகலமான மூக்கும் தாடையும் இல்லை. தினம் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் யாருக்கும் அது தெரியவில்லை.

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்றொரு சுரப்பி இருக்கிறதாம். நம்மை வளர்க்கும் ஹார்மோன் அதிலிருந்துதான் வருகிறது. அக்காவுக்கு அதில் ஒரு கட்டி. வளர்ந்து முடித்த உடம்புக்கு அந்த ஹார்மோன் அளவு மீறிச் சுரந்ததால், உயரமாக வழியில்லாமல் கையும் காலும் முகமும் பெருத்திருக்கின்றன. கட்டி கண் நரம்பையும் அழுத்துகிறது, அதனால்தான் பக்கவாட்டில் வருவது தெரியவில்லை, விட்டால் பார்வையே போய்விடும் என்றார்கள். மூக்கு வழியாகவே ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். அக்கா கண் விழித்து, கட்டில் பக்கத்தில் நின்ற என்னைத் தலையைத் திருப்பாமலேயே கண்டுபிடித்தபோது நான் அழுதுவிட்டேன்.

அடுத்த பொங்கலுக்குக் கடையில் கட்டையை மெல்ல நகர்த்தினேன். எட்டைத் தாண்டவில்லை. இருவரும் நிம்மதியாக மூச்சு விட்டோம்.

கடையை மூடியபோது பலகையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். இப்போதும் இரும்புலியூரில் என் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் நாளெல்லாம், அக்கா கூடையை இறக்கிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டு அதில் கால் வைப்பார்.

"எட்டுதான்க்கா."

"நல்லா பாத்து சொல்லும்மா."

குனிந்து இன்னொரு முறை பார்த்துச் சொல்வேன்.