தொழிலதிபர் அபிநயா

கல்லூரியில் வரலாறு எடுப்பவனுக்குச் செத்துப்போன ராஜாக்களைத் தெரிந்தால் போதும் என்று நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன். கௌரவ விரிவுரையாளர்களாகக் காலம் தள்ளும் சகாக்களே, உங்களிடம் புலம்பாமல் யாரிடம் புலம்புவேன்?

உலகத் தரம்

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் எங்கள் தனியார் கல்லூரி. திடீரென்று அதற்கு உலகத் தர ஆசை வந்துவிட்டது. ஒவ்வொரு துறையும் ஒரு மாணவத் தொழில்முனைவோரையாவது காட்ட வேண்டும், காட்டாத துறையை மூடிவிடுவோம் என்றார் முதல்வர். வரலாற்றை வைத்து எதை விற்பது என்று கேட்டேன்.

"அத நீங்கதான் கண்டுபிடிக்கணும் சார். அதுக்குப் பேருதான் இன்னொவேஷன்."

ஆள் பிடித்தேன்

எங்கள் துறையில் சொந்தமாகச் சம்பாதித்தவள் ஒருத்திதான். காட்டுமன்னார்கோயில் அபிநயா, வகுப்பிலேயே முதல் மாணவி. அப்பா ரைஸ்மில்லில் விழுந்து படுத்த படுக்கையாகிவிட, இரண்டாம் ஆண்டோடு நின்று வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒற்றைத் தையல் மிஷினை 'ஆடை வடிவமைப்பு நிறுவனம்' ஆக்கினேன். கல்லூரிப் பதிவேட்டில் அவள் படிப்பை நிறுத்திய காரணம் 'குடும்பச் சூழல்' என்று இருந்தது. அதை அடித்து, 'சொந்தத் தொழில் தொடங்கியதால்' என்று எழுதினேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் என் வேலை தப்ப வேண்டுமே! கையெழுத்து கேட்டதும் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டாள்.

"நீங்க எழுதுனா சரியாத்தான் சார் இருக்கும்."

சால்வை

கல்லூரியின் தரத்தை மதிப்பிட ஆய்வுக்குழு வந்த அன்று அவளை மேடையேற்றிச் சால்வை போட்டார்கள். கூட வந்த வெளிநாட்டு விருந்தினர், நிறுவனத்தில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று விசாரித்தார். நான்தான் மொழிபெயர்த்தேன்.

"நானும் அம்மாவும்தான் சார். அம்மா கொக்கி மட்டும் வெப்பாங்க."

திரும்பி வந்தாள்

ஜூனில் அவளே கல்லூரிக்கு வந்தாள். அப்பா எழுந்து நடமாடுகிறாராம், விட்ட இடத்திலிருந்து படிக்க வேண்டுமாம். குடும்பச் சூழலால் நின்றவர்களைத் திரும்பச் சேர்க்க விதி உண்டு. தொழில் தொடங்கப் போனவர்களுக்குக் கிடையாது. முதல்வரிடம் ஓடினேன். நான் எழுதியது பொய், திருத்திவிடலாம் என்றேன். அவர் கல்லூரி விளம்பர மடலில் இருந்த அவள் படத்தைக் காட்டி, அவளைச் சேர்த்தால் துறையை மூட வேண்டியதுதான், எது வேண்டும் என்றார். ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே காத்திருந்தவளுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"பரவால்ல சார். உங்க வேலையாவது இருக்குல்ல?"

துறையும் பிழைத்தது, நானும் பிழைத்தேன். த்தூ, இதெல்லாம் ஒரு பிழைப்பு!