நூர்ஜஹானுக்கு எதற்குக் கணக்கு?

போன வாரம் என் பெண் ரங்கநாயகி ஸ்கூல் விட்டு அழுதுகொண்டே வந்தாள். நாலாம் பாரத்துக்கு, அதாவது ஒன்பதாம் வகுப்புக்கு, பாடம் பிரித்துவிட்டார்களாம். இவளுக்குப் பெரிய கணக்கு, காம்போசிட் மாத்ஸ். சிநேகிதி நூர்ஜஹானுக்குச் சுலபமான ஜெனரல் மாத்ஸும் தையலும்.

இதில் அழ என்ன இருக்கிறது? இருக்கிறது. என் பெண் கணக்கில் பாஸ் மார்க்கைக் கண்ணால் பார்த்ததில்லை. நூர்ஜஹானோ வகுப்பில் முதல். காலேஜில் கணக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. காம்போசிட் இல்லாவிட்டால் அந்தக் கதவு திறக்காது.

மறுநாள் ஸ்ரீரங்கத்தில் பஸ் பிடித்து ஸ்கூலுக்குப் போனேன். எனக்கு முன்பே தலைமை ஆசிரியை அறையில் நூர்ஜஹானின் அப்பா நின்றிருந்தார் — ரஹீம் பாய், பெரிய கடைவீதியில் குடைக்கடை, வீட்டில் உருது.

"உங்க வழக்கத்தை மதிச்சுதான் செஞ்சேன் பாய். எப்படியும் சீக்கிரம் படிப்பை நிறுத்திடுவீங்க. தையலாவது உதவும்" என்றார் தலைமை ஆசிரியை. என்ன கருணை!

"நிறுத்துவேன்னு நான் சொல்லலையே டீச்சரம்மா?"

"உங்கள்ல அப்படித்தானேங்க?"

தன் வீட்டு வழக்கத்தை ரஹீம் பாய் அன்றுதான் தெரிந்துகொண்டார்.

"என் பையனை அவன் ஸ்கூல்ல கேட்காமலே காம்போசிட்ல போட்டாங்க. அவனுக்குக் கூட்டலே வராது. அவனும் எங்க வீட்டுப் புள்ளதானேங்க?"

"இடமில்லீங்க" என்றார் தலைமை ஆசிரியை.

நான் குறுக்கே புகுந்தேன். "என் பொண்ணோட இடத்தை அவளுக்குக் கொடுத்துடுங்கோ. இவளுக்குத் தையல்னா உயிர்."

அவர் சிரித்தார். "ஸ்ரீரங்கத்துப் பொண்ணுக்குக் கணக்கு வராதா? உங்க ரத்தத்துலயே இருக்குமே சார்!"

எங்கள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சர்க்கரை.

வெளியே வராந்தாவில் நூர்ஜஹான் காத்திருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்... தையல் வகுப்புப் பக்கம் திரும்பி நடந்தாள்.

இப்போது தினமும் சாயங்காலம் ரஹீம் பாய் வீட்டு மாடியில் டியூஷன். என் பெண்ணின் காம்போசிட் புத்தகத்தை வைத்துக்கொண்டு நூர்ஜஹான் சொல்லித் தருகிறாள். நூர்ஜஹானின் தையலை என் பெண் முடித்துக் கொடுக்கிறாள். என் பெண் எப்படியும் பாஸ் செய்துவிடுவாள் — சொல்லித் தருகிறவளுக்குத்தான் அந்தப் பரீட்சை கிடையாது.

ரிசல்ட் வரும் அன்றைக்குத் தலைமை ஆசிரியை என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே தெரியும்: "பார்த்தீங்களா சார்... ரத்தம்!"