பின்னால் ஒருத்தரும் நிற்கக்கூடாது

"பொம்பிளை தொட்ட வள்ளம் உருப்படாது" என்றார் பல வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான கிறிஸ்தோபர் சம்மாட்டி, துறை முழுக்கக் கேட்கும்படி. மரியமலருக்கும் கேட்டது. அவள் குனிந்து, புது பைபர் வள்ளத்தின் அடி ஓட்டையில் தண்ணீர் புகாமல் அடைக்கும் தக்கையை இன்னொருமுறை இறுக்கினாள்.

மணலில் மரவள்ளம் தள்ளிப் பழகியவர்கள், சீமெந்துச் சரிவும், வள்ளத்தை ஏற்றி டிராக்டரில் பூட்டும் சில்லு வண்டிலும் வந்தபிறகும் மாறவில்லை. வள்ளத்தை வண்டிலோடு கட்டிய கயிறுகளை மேட்டிலேயே அவிழ்த்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் நின்று, பிள்ளையை வாங்குவதுபோல் வள்ளத்துக்குக் கையேந்துவார்கள். அப்படி ஏந்தப்போன சூசைப்பிள்ளையின் மேல்தான் போன மாரியில் சம்மாட்டியின் வள்ளம் வழுக்கி விழுந்தது. கால் முறிந்து கிடக்கும் அவன் மரியமலரின் புருஷன். குடும்பத்துக்கு இனி இந்த வள்ளம்தான். சீமெந்தில் விழுந்தால் முட்டைக்கோதுதான்.

"முன்கயித்தை ஒருத்தரும் தொடவேண்டாம். பின்னால ஒருத்தரும் நிக்கக்கூடாது" என்றாள் மரியமலர்.

"அப்ப வள்ளத்தை ஆர் பிடிக்கிறது? உன்ர மாதாவோ?"

"தண்ணி பிடிக்கும், சம்மாட்டியார். நீங்கள் விலகி நிண்டால் போதும்."

சிரிப்பு எழுந்தது. சம்மாட்டி சிரிக்கவில்லை.

கிண்ணியா ஊரிலிருந்து டிராக்டர் ஓட்ட வந்த ஸெய்னுதீன், "என்ன தங்கச்சி, விடட்டா?" என்றார்.

"விடுங்கோ நானா. மெதுவா."

வண்டில் பின்பக்கமாக இறங்கியது. சில்லுகள் பாதி முங்கியதும் அவள் கையை உயர்த்தினாள். ஸெய்னுதீன் பிறேக்கை இழுத்து, குதித்து, டிராக்டர் சில்லுகளுக்குக் கல் அணைத்தார்.

"அவிழ்த்துவிடு, விசரி!" என்று யாரோ கத்தினார்கள்.

அவள் அவிழ்க்கவில்லை. வண்டில் கம்பியில் சுற்றிய முன்கயிற்றைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். ஓர் அலை வந்தது, வள்ளம் அசையவில்லை. அடுத்தது வந்தபோது அதன் பின்பக்கம், தூங்கி எழுபவன் தோளைப்போல் மெல்ல உயர்ந்தது. அப்போதுதான் கயிற்றை முழம் முழமாக விட்டாள். கீறல் படாமல் வள்ளம் கடலில் மிதந்தது.

அந்த வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போகவிருந்த இரண்டு பேரும் சம்மாட்டியின் முகத்தைப் பார்த்தார்கள்.

"மச்சாள், குறை நினையாதேங்கோ. பொம்பிளை இறக்கின வள்ளத்தில ஏற ஏலாது" என்றான் மூத்தவன்.

மரியமலர் சேலையை வரிந்து கட்டினாள். கயிற்றோடு தண்ணீரில் இறங்கி, விளிம்பைப் பிடித்து ஏறி, துடுப்பை எடுத்தாள்.

"ஐயோ, ஏறிட்டாள்!"

"ஓம், ஏறிட்டன்" என்றாள். "தொழிலுக்கு வாறவன் நீந்தி வரட்டும்."

இரண்டு பேரில் இளையவன் சாரத்தை மடித்துக்கட்டத் தொடங்கினான்.