வடை சுற்றிய சிறுநீரகப் பக்கம்

1. முதல் நாள்

பாரிசில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் ஷெஃப், அதாவது மேலதிகாரி அம்மாள், என்னைக் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு ரத்தத்தப் பாத்தா மயக்கம் வருமா, மதலேன்?" என்பது. அவர் கேட்டது பிரெஞ்சில்; என் காதில் அது பாண்டிச்சேரித் தமிழாகத்தான் விழுந்தது. புத்தகக் கம்பெனியில் ரத்தத்துக்கு என்ன வேலை என்று விழித்தேன். பிறகு அலமாரிகளைக் காட்டினார். தரையிலிருந்து கூரை வரைக்கும் கிளாசர்கள், கெட்டி அட்டைக் கோப்புகள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஓர் உறுப்பின் பெயர். உள்ளே எங்கே வெட்டுவது, எதைக் கட்டுவது, எப்படித் தைப்பது என்று அறுவைச் சிகிச்சை டாக்டர்களுக்கான விளக்கங்கள், கோட்டுப் படங்களோடு.

புத்தகம் என்று சொன்னாலும் தைத்த புத்தகம் இல்லை. வளையத்தில் கோத்த தாள்கள். ஒரு வைத்தியம் மாறினால் அதற்குரிய தாளை மட்டும் உருவிவிட்டுப் புதியதைக் கோத்தால் போதும். இதற்கு மிஸ் ஆ ஜூர் என்று பெயர், புத்தகத்தை இன்றைய நிலைக்குக் கொண்டுவருவது. ஆஸ்பத்திரி நூலகங்களுக்கும் டாக்டர்களின் அறைகளுக்கும் போய் இதைச் செய்ய வேண்டியது நான். தள்ளுவண்டி நிறையப் புதுத் தாளோடு போவேன், அதே வண்டி நிறையப் பழைய தாளோடு திரும்புவேன்.

"முதல்ல பழச எடு, அப்புறம் புதுச வை," என்றார் ஷெஃப். "மாத்திச் செஞ்சா கை அசந்து புதுசையே உருவிடும். எடுத்தத அங்கேயே ரெண்டாக் கிழி."

"நல்ல காகிதமா இருக்கே மதாம், எதுக்குக் கிழிக்கணும்?"

"கிழிக்கலன்னா எவனாவது திரும்ப எடுத்து வச்சுப் படிப்பான்."

நான் கத்தோலிக்கப் பெண்தான். ஆனாலும் காகிதம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஊரில் வளர்ந்தவள். கொஞ்ச நாள் கிழித்துப் பார்த்தேன், கை வரவில்லை. முழுத் தாளாகவே குப்பைக்குக் கொண்டுபோனேன்.

2. கனகு கடையில் உறுப்புகள்

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிசின் லா ஷப்பேல் பகுதியில் அப்போது தமிழ்க் கடைகள் கொஞ்சம்தான். மெத்ரோ பாலத்துக்குப் பக்கத்துத் தெருவில் கனகரத்தினத்தின் மளிகைக் கடை. யாழ்ப்பாணத்துக்காரர். எல்லோருக்கும் கனகு அண்ணை, எனக்கு மட்டும் கனகு அண்ணே. ஒரு மூலையில் உளுந்துவடையும் சுட்டு விற்பார். வீட்டுக்குப் போகிற வழி என்பதால் நான் வண்டியோடு அங்கே நிற்பது வழக்கம்.

"அக்கா, உந்தத் தாளுகளை எங்கை கொண்டு போறியள்?"

"குப்பைக்குத்தான்."

"குப்பைக்கோ? இஞ்சை தாங்கோ. பேப்பரிலை சுத்தினால் மையெல்லாம் வடையிலை ஒட்டுது. ஆக்கள் நேற்றையான் செய்தியையும் சேர்த்தெல்லோ தின்னுகினம்."

எங்கள் தாளில் மை ஒட்டாது. எண்ணெயையும் நன்றாக உறிஞ்சும். எனக்குக் குப்பையில் போடுகிற பாவம் இல்லை, அவருக்கு வடை சுற்றக் காகிதம். இருவருக்கும் பரம திருப்தி.

வாடிக்கையாளர்கள் முதலில் மிரண்டார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். வடையைத் தின்றுவிட்டுத் தாளை விரித்து, "உமக்கு என்ன வந்தது?" "எனக்குத் தொண்டை" என்று சீட்டு விழுந்தது போல ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கொஞ்ச நாளில் விருப்பு வெறுப்பும் வந்துவிட்டது.

"அண்ணை, ரெண்டு வடை தாங்கோ. போனமுறை மூலம் வந்தது. இந்தமுறை பார்த்துச் சுத்துங்கோ."

"என்ன வேணுமெண்டு சொல்லும், தேடிப் பார்ப்பம்."

"கை கால் எண்டால் பரவாயில்லை. கண் மட்டும் வேண்டாம், அது சாப்பிடேக்கை எங்களையே பாக்குது."

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, மரியதாஸ் அண்ணைக்குச் சிறுநீரகம் வரும் வரைக்கும்.

3. கணக்கு

மரியதாஸ் அண்ணை யாழ்ப்பாணக் கரையோரத்துக் கத்தோலிக்கர். ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. பெரிய மனிதர், பெரிய மீசை, யாரிடமும் ஒரு சுடுசொல் சொல்லாதவர், கேட்கவும் பயப்படுகிறவர். ஒருநாள் நான் கடைக்குள் நுழைந்தபோது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, இவருக்கு வருத்தம்," என்றார் கனகு.

இந்தச் சொல்லில் நான் முன்பே ஒருமுறை விழுந்து எழுந்தவள். காய்ச்சலோடு வந்த ஒரு பெண்ணிடம், வருத்தம் என்றதும், "எல்லாம் சரியாயிடும், மனச விட்டுடாதீங்க" என்று ஆறுதல் சொல்லி முறைப்பை வாங்கியிருக்கிறேன். அவர்களுக்கு வருத்தம் என்றால் நோய். அதனால் நேராகக் கேட்டேன்.

"ஆஸ்பத்திரில என்ன சொன்னாங்க அண்ணே?"

"கிட்னியிலை கணக்கு இருக்காம்."

பிரெஞ்சில் கல்க்யூல் என்றால் கணக்கு. டாக்டர் வாயிலிருந்து வந்தால் அது கல். இவருக்கு மொழி வகுப்பில் முதல் அர்த்தம் வரைக்கும்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"கணக்கு இல்லண்ணே, கல்லு."

அவர் முகம் இன்னும் கறுத்தது. "கணக்கெண்டாலாவது பிழையாய் இருக்கலாம் எண்டு யோசிச்சனான்."

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தேன். கல் வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது, அப்படியே விட்டால் அந்தச் சிறுநீரகம் கெட்டுப்போகும், செவ்வாய்க்கிழமை ரான்தேவூவுக்கு, டாக்டரைப் பார்க்கக் குறித்த நேரத்துக்கு, கட்டாயம் வர வேண்டும். எல்லாவற்றையும் அவருக்கு விளக்கிச் சொன்னேன்.

"நான் போகேல்லை," என்றார். சட்டைப் பையிலிருந்து நாலாய் மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார்.

பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. சில நாள் முன்பு நானே ஒரு நூலகத்தில் சிறுநீரகக் கிளாசரிலிருந்து உருவிய தாள். முன்பக்கத்தில் முதுகோரமாகக் கத்தி போடும் படம், பின்பக்கத்தில் வயிற்று வழியாகப் போகும் படம். வடை எண்ணெயில் தாள் கண்ணாடியாகி இரண்டும் ஒரே ஆளின் மேல் விழுந்திருந்தன.

"பாருங்கோ அக்கா. முன்னாலையும் வெட்டு, பின்னாலையும் வெட்டு. போதாக்குறைக்கு விலாவெலும்பு ஒண்டையும் எடுக்கினம். ஆண்டவர் ஆதாமிட்டை விலாவெலும்பை எடுத்தவர், பதிலுக்கு ஒரு பொம்பிளையைக் குடுத்தவர். இவங்கள் என்ன தருவாங்கள்?"

"கல்லைத் தருவாங்கள்," என்றார் கனகு, எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடி.

"அது பழசு அண்ணே. இப்ப அப்படிச் செய்யறதில்ல. பழசுங்கறதாலதான் வடை சுத்த வந்திருக்கு."

"அச்சடிச்சுக் கிடக்குது. படமும் கிடக்குது. நீங்கள் வெறும் வாயாலை சொல்லுறியள்."

ஒரு மனிதனின் சிறுநீரகம் எங்கள் குப்பைக் காகிதத்தால் போகப் போகிறதே என்று எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. வடைகூட வாங்காமல் வீட்டுக்குப் போனேன்.

4. தொட்டி

மறுநாள் கம்பெனியில் கேட்டு, அந்தத் தாளுக்குப் பதிலாக வந்த புதுத் தாளின் உபரிப் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டேன். கோத்துக் கோத்துக் கை பழகியிருந்ததே தவிர, நானும் அன்றுதான் அதை ஒழுங்காகப் படித்தேன். படித்து முடித்ததும், இதைக் காட்டினால் அவர் நிச்சயமாக வரமாட்டார் என்று தோன்றியது.

கத்தி கிடையாது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, ஆளை ஒரு நாற்காலியில் கட்டி, தண்ணீர் நிரம்பிய தொட்டியில் இறக்குவார்கள். அடியில் இருக்கும் கருவி தண்ணீர் வழியாக அதிர்ச்சி அனுப்பும். கல் உள்ளேயே பொடிந்து சிறுநீரோடு போய்விடும். படத்தில் ஒருவர் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி நிம்மதியாக.

கனகு தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "அக்கா, இது குளியலறைச் சாமான் விக்கிற கடையின்ரை விளம்பரமோ?"

பருப்பு வாங்க வந்த ஒருவரும் எட்டிப் பார்த்தார். "தண்ணியிலை ஊறக் கல்லு உடையுமெண்டால் எங்கடை வீட்டுக் கிணறு எப்பவோ இடிஞ்சிருக்குமே."

மரியதாஸ் அண்ணை இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "நீங்களே நியாயத்தைச் சொல்லுங்கோ அக்கா. எது வைத்தியம் மாதிரிக் கிடக்குது?"

உண்மையைச் சொன்னால், பழையதுதான். அதில் கத்தி இருந்தது, ரத்தக்குழாய் இருந்தது, இடுக்கி இருந்தது. புதியதில் ஒரு தொட்டி.

இரண்டின் மூலையிலும் இருந்த எண்ணைக் காட்டினேன். இரண்டிலும் ஒரே எண், அதாவது இது வந்ததும் அது செத்துப்போயிற்று என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டே இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். கொஞ்சம் இளகுகிறார் என்று தெரிந்தது. அந்தச் சந்தோஷத்தில், "பயப்படாதீங்க அண்ணே. செவ்வாய்க்கெழம டாக்டர் உங்கள உக்கார வச்சு, மொதல்ல நல்லாப் பேசுவாரு," என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. எழுந்து இரண்டு தாளையும் மடித்தார்.

"அதுதான் அக்கா என்ரை பயம். போன மாதமும் ஒரு ரான்தேவூ தந்தவங்கள், நான் போகேல்லை. பேசாமல் விடுவாரே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பேசாமல் எப்படி வைத்தியம் பார்ப்பது? "பேசத்தானே செய்வாரு, அது அவரு கடமை. உங்க சம்சாரத்தையும் கூட்டிட்டு வந்தா அவங்ககிட்டயும் பேசுவாரு."

"மனுசியையுமோ?" என்றார்.

கனகு வடைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "அக்கா, எங்கடை ஆக்களுக்குப் பேசுறது எண்டால் ஏசுறது. நீங்கள் பேசுறது எண்டு சொல்லுறதை நாங்கள் கதைக்கிறது எண்டுவம். டொக்டர் இவரை இருத்தி வைச்சு வடிவாத் திட்டுவார், பிறகு மனுசியையும் திட்டுவார் எண்டெல்லோ சொல்லிக்கொண்டு நிக்கிறியள்."

அப்போதுதான் விளங்கியது. அந்தப் பெரிய மனிதருக்கு வெட்டும் பயமில்லை, விலாவெலும்பும் பயமில்லை. வராமல் விட்டதற்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர் எல்லோர் முன்னாலும் ஏசுவாரே என்ற கூச்சம். வடை சுற்றிய தாள் அதற்குத் தோதாகக் கிடைத்த சாக்கு.

"பேசமாட்டாரு அண்ணே. கதைப்பாரு."

"வடிவாத் தெரியுமோ? கதைக்கிறது மட்டுந்தானோ?"

"நான் கூட வரேன். பேசினா என்னப் பேசட்டும்."

"அப்ப வாறன்," என்றார்.

முதலில் பழையதை அவர் கையிலிருந்து எடுத்தேன். இரண்டாகக் கிழித்தேன். நான் மனசாரக் கிழித்த முதல் தாள் அதுதான். பிறகு புதியதை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தேன்.

5. செவ்வாய்க்கிழமை

ஆஸ்பத்திரி வாசலில் அவர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். கையில் ஒரு பை. அதில் துண்டும் சோப்பும். தலையிலிருந்து நல்லெண்ணெய் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது.

"என்னண்ணே இது?"

"தொட்டியிலை இருத்துறது எண்டுதானே போட்டிருக்கு. எண்ணெய் வைக்காமல் முழுகினால் எனக்குத் தடிமன் பிடிக்கும்."

நர்ஸ் ஒருத்தி அவர் தலையைத் தொட்டு, விரலை முகர்ந்து, ஏதோ நோயாக்கும் என்று இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். நான் விளக்கினேன். பிறகு அவரைக் கொண்டுபோய்த் தலையைத் தேய்த்துக் கழுவினார்கள். ஆக, அன்று அவருக்கு இரண்டு குளியல்.

டாக்டர் வந்தார், சட்டைப் பையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் எந்தக் கம்பெனி என்று சொன்னேன். "நோயாளிகளையும் இப்ப சந்தாவுல சேத்துக்கறீங்களா?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை, கதைத்தார். நான் வெளியே செபமாலையோடு உட்கார்ந்திருந்தேன். அந்தத் தாளை நான் நம்பச் சொல்லியிருந்தேன், ஆனால் எனக்கே முழு நம்பிக்கை இல்லை.

கல் பொடிந்தது. சிறுநீரகம் தப்பியது. மரியதாஸ் அண்ணை பொடியை ஒரு சின்னப் போத்தலில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்து வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எடுங்கோ அண்ணை, ஆக்கள் சாப்பிடுற இடம்," என்று கனகு கத்தினார்.

அன்றிலிருந்து கனகுவுக்குத் தாள் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். கை கால் கேட்டவர்கள் என்னோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

6. மறுபடியும் அதே எண்

சில வருஷம் கழித்து அதே எண்ணுக்கு இன்னொரு புதுத் தாள் வந்தது. இப்போது தொட்டியும் இல்லை. ஆளை மேசையில் படுக்க வைத்து, தண்ணீர் அடைத்த மெத்தை போன்ற ஒன்றை இடுப்பில் அழுத்தினால் போதும். பஸ்ஸுக்குக் காத்திருந்த அந்த மனிதரை நானே உருவி, நானே கிழித்தேன். கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

அந்த வாரமே கனகு கடையில் மரியதாஸ் அண்ணை நின்றுகொண்டிருந்தார். எதிரே, புதிதாகப் பாரிசுக்கு வந்த ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"மேசையிலை கிடத்திச் செய்யினமாம் அண்ணை," என்றார் புதியவர்.

"தொட்டி?"

"தொட்டி எண்டு ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப போகாதையும். உம்மை ஏமாத்துறாங்கள்." சட்டைப் பையிலிருந்து, மடிப்பெல்லாம் நைந்துபோன ஒரு தாளை எடுத்து விரித்தார். "பாரும், அச்சடிச்சுக் கிடக்குது."

"அண்ணே, அது பழசு," என்றேன்.

"நீங்கள் தானே அக்கா தந்தனீங்கள்," என்றார், மனம் நொந்து.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். புதுத் தாளைக் கோப்பது பெரிய காரியமில்லை, யாரும் செய்யலாம். கொடுக்கும்போதே, இதையும் ஒருநாள் உருவ வருவேன் என்று சொல்லிக் கொடுங்கள். எனக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை. அவர் பையிலிருந்து அந்தத் தாளை வாங்க நான் பட்ட பாட்டுக்கு அளவில்லை, கடைசிவரை அவர் தரவும் இல்லை.

புதியவரை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். குணமாகி அவர் கடைக்கு வந்த அன்று நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

"கல்லு போயிட்டுது, அண்ணை," என்றார்.

மரியதாஸ் அண்ணை கிட்டே வந்து அவர் தலைமயிரைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"முழுகவே இல்லை," என்றார் எங்களிடம். "பிறகெப்பிடிப் போகும்?"