சோமனூருக்குத் துக்கம் கேட்கப் போனேன்

போன புதன்கிழமை சோமனூர் போய் வந்தேன். ஊர் பார்க்க அல்ல, துக்கம் கேட்க. அதுவும் ஒன்பது வருடம் தாமதமாக! செவ்வாய், வெள்ளியில் துக்க வீட்டுக்குப் போகக் கூடாது என்பார்கள். அதனால்தான் புதன்.

மூளையில் கட்டி என்று கோவையில் ஒரு மருத்துவமனையில் எனக்கு ஆபரேஷன் நடந்தபோது, பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ராஜாமணியக்கா. அவருக்கும் அதே நோய். "ஊருக்கு வந்தா தறிக்கார ராஜாமணி ஊடுன்னு கேளு கண்ணு, யாரா இருந்தாலும் காட்டுவாங்க" என்பார். அவரை இரண்டாவது ஆபரேஷனுக்கு அழைத்துப் போனார்கள். நான்கு நாள் கழித்து அவர் கட்டிலில் புது விரிப்பு. கை காட்டிக் கேட்டேன். "அந்தக்கா போயிட்டாங்க கண்ணு" என்றார் வார்டு ஆயா. ஆபரேஷன் ஆன புதிதில் எனக்குப் பேச்சு திக்கியது. மேலே கேட்க நினைத்தது வாயிலேயே நின்றுவிட்டது.

மூன்று மாதம் முன்பு எடுத்த ஸ்கேனில் கட்டி மறுபடி வளர்வது தெரிந்தது. இன்னொரு ஆபரேஷன் வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு அந்தப் புது விரிப்புதான் கண்ணுக்குள் வந்தது. முடியாது என்று சொல்லிவிட்டேன். எனக்கும் அவர் கதிதான் என்றால், போவதற்கு முன் அவர் வீட்டுக்காவது ஒரு நடை போய் வந்துவிடலாம் என்று தோன்றியது.

வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவள், வண்டி ஓட்டக் கூடாது. எட்டு மணி மாத்திரையை முழுங்கிவிட்டு, காந்திபுரத்தில் 8.40க்கு டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முப்பது கிலோமீட்டர் போல இருக்கும், 10.05க்குச் சோமனூர். ஜன்னலோரம் வெயில் விட்டுவிட்டுக் கண்ணில் அடித்தால் எனக்கு வலிப்பு வரலாம், அதனால் நடுவில்தான் உட்கார்ந்தேன். தலையில் பூ வைக்கவில்லை.

ஆட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னேன். "தறிக்காரக்கா ஊடுங்களா? ஏறுங்க" என்றார். இரண்டு கிலோமீட்டர், எழுபது ரூபாய். தெரு முழுக்கத் தறிச் சத்தம்.

வாசலில் நூல் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் அக்காவின் கணவர். ஆஸ்பத்திரியில் பார்த்த முகம். என்னை யாரென்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன். "அப்பவே வந்திருக்கோணுங்க. அக்கா இல்லாம எப்படித்தான் சமாளிச்சீங்களோ!"

"எந்தக்காங்க?"

"ராஜாமணியக்காதானுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் கத்தினார். "அம்மணி, இங்க வா. உனக்குத் துக்கம் கேக்க வந்திருக்காங்க!"

தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, ராஜாமணியக்கா வெளியே வந்தார்.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். வலிப்பு வரப்போகிறதோ என்றுகூடப் பயந்தேன். அக்கா என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது.

"வேற வார்டுக்கு மாத்திப்போட்டாங்க கண்ணு. அதத்தான் போயிட்டாங்கன்னு சொல்லியிருப்பா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது, என்மேலேயே. ஒரு வார்த்தையை நம்பி ஒன்பது வருடம் பயந்திருக்கிறேன். ஆபரேஷனுக்கு மறுத்ததையும் சொன்னேன். அக்கா சிரிப்பை நிறுத்தினார்.

"எனக்கு இடது கை இன்னும் சரியா மடங்காது. பேரெல்லாம் மறந்துபோகுது. வருசா வருசம் ஸ்கேனுக்குப் போறதுக்கு முந்தின ராத்திரி தூக்கம் வராது. உனக்கு எப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது கண்ணு. ஆனா நான் செத்துப்போட்டேன்னு நெனச்சு நீ வேண்டாங்காதே."

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கம் இல்லை. அன்று வாசலில் நின்று, தறிச் சத்தத்தையும் மீறி, "போயிட்டு வாரேனுங்க" என்று இரண்டு தடவை சொன்னேன். 1.20 பஸ்ஸில் இருந்தே டாக்டருக்குப் போன் செய்தேன். அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார். பயம் போகவில்லை, ஆனால் இப்போது இருப்பது என் சொந்தப் பயம்.

என்னைப் போல மாத்திரையோடு பயணம் செய்கிறவர்கள் ஒரு வேளை மாத்திரையைக் கூடுதலாகப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் இல்லாத பஸ்ஸாகப் பார்த்து ஏறுங்கள். யாராவது "போயிட்டாங்க" என்று சொன்னால், எங்கே என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.